பல்லில் ஏறிய பாறை

தருமபுரிப் பிள்ளைகளின் முன்பல்லில் விழும் பழுப்புக் கோட்டுக்குக் காரணம் என்ன? ஒரு கேள்வி, அதிலிருந்து கிளைக்கும் பல கேள்விகள்.

"சார், ரெண்டு வேளையும் பல்லு விளக்குறேன். அப்புறமும் ஏன் இந்தக் கறை போகமாட்டேங்குது?"

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை அறிவியல் ஆசிரியரிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பெரியது இல்லை என்று நினைக்கிறேன். வானம் ஏன் நீலமாக இருக்கிறது, எரிமலை ஏன் வெடிக்கிறது என்பவையும் அருமையான கேள்விகள்தாம். ஆனால் இந்தக் கேள்விக்கான ஆதாரம் கேட்கிற பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. விடையைத் தேடிக் கிளம்பினால் பல் மருத்துவத்தில் தொடங்கி, வேதியியலைக் கடந்து, 240 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் வரை போக வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறோம்.

வருத்தம் என்னவென்றால், இந்தக் கேள்வி வகுப்பறையில் அதிகம் எழுவதில்லை. பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, காரிமங்கலம் பக்கத்து ஊர்களில் பழுப்புக் கோடு விழுந்த முன்பல்லைப் பார்ப்பது அரிதல்ல. வெளியூர்க்காரர்கள் அதைச் சுத்தக் குறைவு என்று எண்ணிவிடுகிறார்கள். பிள்ளைகளும் அதையே நம்பி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுகிறார்கள். செங்கல் தூள், அடுப்புக்கரி, உப்பு என்று கிடைத்ததைப் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. தேய்க்கத் தேய்க்கப் பல்தான் தேயும், கறை போகாது. பல் உருவாகும்போதே விழுந்த குறை அது. அதன் பெயர் பல் ஃபுளோரோசிஸ். காரணம், குடிதண்ணீரில் அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு.

ஏழு வயதில் தெரியும் கறை எப்போது விழுந்தது?

நிரந்தர முன்பல் ஆறு, ஏழு வயதில் முளைக்கிறது. ஆனால் அதன் மேலோடான எனாமல், குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. கடைவாய்ப் பற்களுக்கு இந்த வேலை ஏறக்குறைய எட்டு வயது வரை நடக்கும். எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் ஒரு புரதப் படிவத்தைச் சுரக்கின்றன. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாக வளர வளர, அந்தப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும். உடலில் ஃபுளோரைடு கூடிப்போனால் புரதம் வெளியேறுவது தாமதப்படுகிறது. முழுதாக இறுகாத, நுண்துளைகள் மிகுந்த எனாமலோடு பல் வெளியே வருகிறது. முதலில் மங்கலான வெள்ளைத் திட்டுகள் தெரியும். பிறகு சாப்பாட்டிலும் தேநீரிலும் இருக்கும் நிறப்பொருள்கள் அந்தத் துளைகளில் இறங்கி, திட்டுகள் மஞ்சளாகிப் பழுப்பாகின்றன.

ஆக, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முன்பல்லில் நாம் பார்ப்பது, அது தவழ்ந்து நடந்த காலத்தில் குடித்த தண்ணீரின் விளைவு. இது புரிந்தால் வேறு சில புதிர்களும் அவிழ்கின்றன. இடப்பக்கப் பல்லில் எந்த உயரத்தில் கோடு இருக்கிறதோ, அதற்கு இணையான வலப்பக்கப் பல்லிலும் ஏறத்தாழ அதே உயரத்தில் கோடு இருக்கும்; இரண்டும் ஒரே காலத்தில் உருவானவை. பாக்கு, புகையிலைக் கறைக்கு இப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. பால்பற்களில் கறை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அவற்றின் எனாமலில் பெரும்பகுதி கருவிலேயே உருவாகிவிடுகிறது. மீதி உருவாகும் தாய்ப்பால் பருவத்திலும், தாய் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே இறங்குகிறது. முப்பது வயதில் மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர் எத்தனை ஆண்டுகள் இதே தண்ணீரைக் குடித்தாலும் அவர் பல்லில் கோடு விழாது. அவருடைய எலும்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இதை முதலில் கேட்டவர் யார்?

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் விநோதமான பழுப்புக் கறையைக் கண்டார். பல் மருத்துவப் புத்தகங்களில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைய அமெரிக்கப் பல் மருத்துவத்தின் மிகப் பெரிய பெயரான ஜி. வி. பிளாக்கைத் துணைக்கு அழைத்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்ததில் ஒன்று உறுதியானது: பல் உருவாகும் பருவத்தில் அங்கே வளர்ந்தவர்களுக்கே கறை. இன்னொன்று அவர்களை வியக்க வைத்தது: கறைபட்ட பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை.

1923-ல் மெக்கே ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்ததில் சந்தேகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார் மெக்கே. சில ஆண்டுகளில் அவ்வூரில் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தீர்வு கிடைத்துவிட்டது. அதற்கு வழிகாட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைக் கவனித்துப் பார்த்த பெற்றோர்கள்.

காரணம் 1931-ல் பிடிபட்டது. ஆர்கன்சா மாநிலத்தில் அலுமினியத் தாதுச் சுரங்கத்தை ஒட்டி பாக்ஸைட் என்றே ஒரு ஊர் இருந்தது. அங்கும் இதே கறை. சுரங்கத்தை நடத்திய அல்கோவா நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெச். வி. சர்ச்சில், அவ்வூர்த் தண்ணீரை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தபோது யாரும் எதிர்பாராத பொருள் ஒன்று தெரிந்தது. லிட்டருக்கு 13 மில்லிகிராமுக்கும் மேல் ஃபுளோரைடு! முப்பது ஆண்டுகள் தேடிய விடை மெக்கேவுக்குக் கடிதமாகப் போய்ச் சேர்ந்தது.

அதற்கடுத்த ஆறே ஆண்டுகளில் சென்னையும் இந்த அறிவியலுக்குள் வந்துவிட்டது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக இருந்த ஹெச். இ. ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோர் 1937-ல் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கண்டதை எழுதி வெளியிட்டார்கள். பல்லோடு எலும்பும் பாதிக்கப்பட்டு, முதுகெலும்பு இறுகிப்போய்க் குனிய முடியாமல் இருந்த மனிதர்களைப் பற்றிய ஆவணம் அது. எலும்பு ஃபுளோரோசிஸைப் பற்றி உலக மருத்துவம் இன்று அறிந்திருப்பதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஓர் அடித்தளம். நம் மாகாணத்துக் கிராமத்தவர்களின் வலியிலிருந்து பிறந்த அறிவு அது. அந்த அறிவு தருமபுரிக் கிராமத்துக்கு முழுதாகத் திரும்பி வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தண்ணீருக்குள் ஃபுளோரைடு எப்படி வந்தது?

யாரும் கலக்கவில்லை. பாறையிலிருந்து வந்தது. தருமபுரி மாவட்டத்தின் அடித்தளம் கடினப் பாறை: சார்னோகைட், நைஸ் வகைகள். இவை உலகின் மிகப் பழைய பாறைகளோடு சேர்த்து எண்ணப்படுபவை. இந்தப் பாறைகளில் பயோடைட் என்ற கருமைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. அவற்றின் படிகக் கட்டமைப்பில் ஹைட்ராக்சில் அயனி உட்கார வேண்டிய இடத்தில் ஃபுளோரைடு அயனியும் உட்கார முடியும். இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம், ஏறத்தாழ ஒரே அளவு. மழைநீர் விரிசல்கள் வழியே இறங்கி, ஆண்டுக்கணக்கில் இந்தக் கனிமங்களோடு உரசிக் கிடக்கும்போது ஃபுளோரைடு மெல்ல மெல்லத் தண்ணீருக்கு மாறுகிறது.

இம்மாவட்டத்தில் அபூர்வமான பாறைகளும் உண்டு. ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்ற பாறை கிடைக்கிறது. சுண்ணாம்புப் பாறைகளில் பெரும்பாலானவை கடலில் படிந்து உருவானவை. கார்பனடைட்டோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலேறி வந்து உறைந்தது. இன்றைக்கு இவ்வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது: தான்சானியாவின் ஒல் டொய்ன்யோ லெங்காய். ஒகேனக்கல் கார்பனடைட்டின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். தன் இனத்தில் உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று. பிக்கிலி பக்கம் சைனைட் என்ற பாறை, அண்டை மாவட்டங்களில் சாமல்பட்டி, சேவத்தூர் கார்பனடைட்கள் என்று இந்தப் பகுதி முழுவதும் நிலவியல் மாணவர்கள் தேடி வருகிற இடம். இவையெல்லாம் சிறு சிறு திட்டுகள்தாம். மாவட்டம் முழுக்கப் பரந்து கிடக்கும் நைஸும் சார்னோகைட்டுமே தண்ணீருக்கு ஃபுளோரைடை அதிகம் கொடுப்பவை.

இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பது அபடைட்தான். பாறையில் உள்ள ஃபுளோர் அபடைட்டும் நம் பல்லையும் எலும்பையும் ஆக்கியிருக்கும் ஹைட்ராக்சி அபடைட்டும் ஒரே கனிமக் குடும்பம். கால்சியமும் பாஸ்பேட்டும் கொண்ட அதே அமைப்பு. கடைசி இருக்கையில் ஒன்றில் ஃபுளோரைடு, மற்றதில் ஹைட்ராக்சில். பாறையை விட்டு வெளியேறிய ஃபுளோரைடு, தண்ணீர் வழியே உடலுக்குள் வந்து, தனக்குப் பழக்கமான அதே இருக்கையைத் தேடி அமர்கிறது. அது ஏன் மற்ற உறுப்புகளை விட்டுவிட்டுப் பல்லிலும் எலும்பிலும் போய்ச் சேர்கிறது என்பதற்கு விடை இதுதான். உடலில் தங்கும் ஃபுளோரைடில் 99 சதவீதம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

பக்கத்துக் கிணற்றில் ஏன் இல்லை?

ஒரே ஊரில் ஒரு ஆழ்துளைப் போரில் ஃபுளோரைடு அதிகம், நூறடி தள்ளி இன்னொன்றில் குறைவு. கடினப் பாறைக்குள் தண்ணீர் ஒரே ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை. தனித்தனி விரிசல்களில் ஓடுகிறது. எந்த விரிசல் எந்தக் கனிமத்தைத் தொடுகிறது, தண்ணீர் அங்கே எவ்வளவு காலம் தங்கியது என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

கால்சியத்துக்கும் இதில் பங்குண்டு. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். மழை குறைந்து வெயில் மிகுந்த பூமியில் கால்சியம் முன்னதாகவே சுண்ணாம்புக் கட்டிகளாக மண்ணில் படிந்துவிடுகிறது. மிஞ்சும் தண்ணீர் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த காரத்தன்மை கொண்டது. அதில் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். நாக்கில் வைத்தால் சப்பென்று இருக்கும் தண்ணீர் பாதுகாப்பானது என்று நம்புவது இதனால் ஆபத்து. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிதண்ணீரில் இருக்கும் அளவில் ருசியும் இல்லை.

அப்படியானால் தாத்தா பாட்டி காலத்தில்? அன்றும் ஃபுளோரோசிஸ் இருந்தது. 1937 ஆய்வே அதற்குச் சாட்சி. ஆனால் ஏரியும் திறந்த கிணறும் மழையால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டன. 1970-களுக்குப் பிறகு ஊர் ஊராகப் போர் போட்டுக் கைப்பம்பு நட்டார்கள். கோவைப் பக்கம் களச்சோதனை செய்து, சென்னையில் தயாரிப்பைத் தொடங்கிய இந்தியா மார்க் 2 பம்பு உலகம் முழுக்கப் போனது. வாந்திபேதி, காலராவிலிருந்து அது எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியது. நோக்கம் நல்லது, பலனும் உண்மை. ஆனால் கிருமியைத் தேடிச் சோதித்த அளவுக்குக் கனிமத்தைத் தேடிச் சோதிக்கவில்லை. பிறகு மழை பொய்க்கப் பொய்க்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்னும் ஆழத்துக்குத் துளைத்தன. ஆழம் போகப் போகப் பாறையோடு நீண்டகாலம் கிடந்த தண்ணீர் மேலே வந்தது.

பற்பசையில் சேர்க்கிறார்களே, அது மட்டும் நல்லதா?

நியாயமான கேள்வி. சொத்தையைத் தடுக்க அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945-ல் குடிநீரில் ஃபுளோரைடைக் கலக்கவே தொடங்கியது. நாம் எடுக்கப் படாதபாடு படுகிற பொருளை அங்கே சேர்க்கிறார்கள். சோற்றுக்கு உப்பு மாதிரிதான் இதுவும். அளவில் இருக்கிறது எல்லாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5. தருமபுரியின் பல போர்களில் அளவு இதைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த எண்ணை மட்டும் பார்த்தும் போதாது. உடலுக்குள் போவது ஒரு லிட்டரில் இருக்கும் அளவோடு முடிவதில்லை, நாளெல்லாம் எத்தனை லிட்டர் குடிக்கிறோம் என்பதையும் சேர்த்தது அது. குளிர்நாட்டில் ஒன்றரை லிட்டரில் நாள் கழிந்துவிடும். சித்திரை வெயிலில் கல்குவாரியிலோ மஞ்சள் காட்டிலோ வேலை செய்கிறவர் ஐந்தாறு லிட்டர் குடிப்பார். அதே தண்ணீரில் சோறும் குழம்பும் ஆகின்றன. 1950-களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் வெயில் கூடிய ஊர்களில் ஃபுளோரைடு அளவைக் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தருமபுரிக்கு 1.5 என்பதைப் பாதுகாப்பான எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பற்பசையைப் பொறுத்தவரை, அது பல்லின் மேல் பட்டு வேலை செய்வது, துப்பிவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் இனிப்பாக இருக்கிறதென்று விழுங்குவார்கள். ஃபுளோரைடு மிகுந்த ஊரில் அவர்களுக்கு ஃபுளோரைடு இல்லாத பசையே நல்லது.

பல்லோடு நின்றுவிடுமா?

நிற்பதில்லை. கறை உடலின் முதல் எச்சரிக்கை. மிகையான ஃபுளோரைடை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்புகள் தடித்து, தசைநார்களிலும் சுண்ணாம்பு ஏறி, கழுத்தும் இடுப்பும் இறுகுகின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடை மார்பைத் தொடுகிறதா, இரண்டு கைகளையும் பிடரியில் கோர்க்க முடிகிறதா என்ற மூன்று எளிய சோதனைகளைக் களப்பணியாளர்கள் செய்து பார்ப்பதுண்டு. முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டுவலி எல்லாமே ஃபுளோரோசிஸ் ஆகிவிடாது. ஆனால் இந்த மாவட்டத்தில் வயசான வலி என்று சொல்லிவிட்டு அதைக் கடந்துபோகவும் கூடாது.

உடலுக்குள் போகும் ஃபுளோரைடைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழப் பாதி வெளியேறிவிடும். வளரும் எலும்புள்ள பிள்ளைகளிடம் அதிகம் தங்குகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதே தண்ணீரைக் குடிக்கும் மாடுகளும் பல் தேய்ந்து, மூட்டு வீங்கி நொண்டும். சென்னை மாகாணத்தில் இந்நோயை முதலில் கவனித்தது கால்நடைகளிடம்தான்.

கொதிக்க வைத்தால் போகுமா?

போகாது, கூடும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். பீங்கான் கேண்டில் வடிகட்டி, புற ஊதா விளக்கு, குளோரின் எல்லாம் கிருமிக்கு எதிரானவை, ஃபுளோரைடைத் தொடாதவை. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் முறையை உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர். ஃபுளோரோசிஸால் நம்மைப் போலவே வதைபட்ட தெலங்கானா மாவட்டத்தின் பெயர் அது. செயலூக்கிய அலுமினா நிரப்பிய வடிகட்டியும் வேலை செய்யும். குறிப்பிட்ட காலத்தில் அதைக் கழுவிப் புதுப்பித்தாக வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நன்றாகவே எடுக்கும். ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். அதை வாசலில் ஓடவிட்டால் மீண்டும் மண்ணுக்கே போகிறது. கேன் தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீட்டிலும் பெரும்பாலும் குடிக்க மட்டுமே அது. சோறு வடிப்பது பழைய தண்ணீரில்தான். அரிசி உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் தட்டுக்கு வருகிறது.

சாப்பாட்டில் வழி உண்டா?

துணை உண்டு, மாற்று இல்லை. கால்சியம் நிறைந்த உணவு குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்து, அது இரத்தத்துக்குள் போவதைக் குறைக்கிறது. இந்த மண்ணின் கேழ்வரகுக் களி இங்கே கைகொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். ரேஷன் அரிசி வந்து களி குறைந்துபோன வீடுகளில் குழந்தைகளுக்குக் கேழ்வரகைத் திரும்பக் கொண்டுவருவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். பால், கீரை, வைட்டமின் சி மிகுந்த நெல்லிக்காய், கொய்யா ஆகியவையும் உதவும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூரான இந்தத் தருமபுரியில் நெல்லிக்குப் பஞ்சம் கூடாது.

தருமபுரியின் புளிக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளுக்கு 10 கிராம் புளியை உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரோடு வெளியேறிய ஃபுளோரைடு கூடியது என்று 2002-ல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். அந்தக் குழம்பையே ஃபுளோரைடுத் தண்ணீரில் கரைத்தால் ஒரு கையால் எடுத்ததை மறு கையால் போட்டதாகிவிடும். தேநீரைச் சிறு பிள்ளைகளுக்குத் தவிர்ப்பது நல்லது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

காவிரித் தண்ணீர் வந்துவிட்டதே?

வந்தது, அது சாதாரணச் சாதனையல்ல. ஆற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மழைநீர். பாறையோடு ஆண்டுக்கணக்கில் கிடப்பதில்லை என்பதால் ஃபுளோரைடு குறைவு. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், எல்லைக்கு அப்பாலிருந்து எழுந்த எதிர்ப்பையும் தாண்டி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மதிப்பு 1,928 கோடி ரூபாய்க்கு மேல். ஒகேனக்கல்லை ஒட்டிய யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மேட்டிலுள்ள மடம் நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இரு மாவட்டங்களிலும் சேர்ந்து 33 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஃபுளோரோசிஸைத் தணிப்பது என்ற நோக்கம் அத்திட்டத்தின் முழுப்பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் குழாய் வந்ததோடு கேள்வி முடிந்துவிடவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வரும் நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்தால், குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று வீட்டிலிருப்பவருக்குத் தெரியாது. கடைக்கோடிக் குக்கிராமத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் எட்டாவிட்டால் அந்த வீட்டுக் குழந்தை கைப்பம்பைத்தான் நம்பும். பல் உருவாகும் பருவமோ இதற்காகக் காத்திருக்காது. ஆகவே போர் தண்ணீரைத் துணி துவைக்கவும் மாட்டுக் கொட்டில் கழுவவும், காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் என்று இரண்டு தொட்டிகளாக, இரண்டு குழாய்களாகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. கூரையில் விழும் மழைநீரில் ஃபுளோரைடு இல்லையென்றே சொல்லலாம். மழைநீர்ச் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கிய மாநிலம் இது. பள்ளிக் கட்டடங்களிலிருந்தாவது அந்த ஏற்பாடு பழுதில்லாமல் இயங்க வேண்டும்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

கேள்வியைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். ஃபுளோரைடைக் கண்டறிய எளிய சோதனைப் பெட்டிகள் இருக்கின்றன. சிர்க்கோனியமும் சாயமும் சேர்ந்த கரைசலில் சில சொட்டுகளைத் தண்ணீரில் விட்டால், ஃபுளோரைடு சிர்க்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிரித்துவிடும். இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகும். நிறத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் தோராயமான அளவு தெரிந்துவிடும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இப்படிச் சோதிக்கப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. சந்தேகமானதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உறுதி செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊரின் ஒவ்வொரு போருக்கும், கிணற்றுக்கும், குழாய்க்கும் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை அளவெடுத்து ஊர் வரைபடத்தில் குறித்தால், அதைவிட நல்ல வேதியியல் பாடமும் நிலவியல் பாடமும் குடிமைப் பாடமும் இருக்க முடியாது. மிகைப்பட்ட பம்புக்குச் சிவப்புச் சாயம் அடித்து, எண்ணை அதன் மேலேயே எழுதிவிடலாம்.

கறை ஏற்கெனவே விழுந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இது உன் அழுக்கு அல்ல, உன் வீட்டாரின் கவனக்குறைவும் அல்ல. நீ குடித்த தண்ணீரின் குறை. பல் மருத்துவர்கள் மேற்பரப்பை மென்மையாகத் தேய்த்தோ மெல்லிய பூச்சு வைத்தோ கறையைப் பெருமளவு மறைக்க முடியும். ஃபுளோரோசிஸைக் கட்டுப்படுத்த மத்திய அரசு தனியே ஒரு தேசியத் திட்டம் நடத்துகிறது. முன்பல் கறைக்கான இந்தச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் தயக்கமின்றிக் கிடைக்க வேண்டும். திருமணப் பேச்சிலும் வேலை நேர்காணலிலும் ஒரு தலைமுறை இந்தக் கறைக்காகக் குன்றிப் போயிருக்கிறது. அவர்களுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை இது.

இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சிகிச்சையே தேவைப்படக் கூடாது. இன்று அங்கன்வாடியில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் நிரந்தர முன்பல் இன்னும் ஐந்து ஆண்டுகளில் முளைக்கும். இந்த மாவட்டத்தின் குடிநீர்த் திட்டம் வென்றதா என்பதற்கு அதைவிட நேர்மையான தணிக்கை அறிக்கை கிடையாது. மாவட்ட நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்து, ஊர் வாரியாகக் கணக்கெடுத்து வெளியிடட்டும். எந்த ஊரில் கறை குறையவில்லையோ, அந்த ஊர்த் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்று அன்றே போய்ப் பார்க்கட்டும்.